ஒட்டி ஓட்டுப்பா

எங்க ஊரு காரைக்கொல்லையில வரப்பு எழுந்து நடந்தது ஒரு ஆடி மாசத்து வெள்ளிக்கிழமை, காலைக் கஞ்சி குடிக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி. மொதல்ல நடந்தது ஒரு சாண் தூரம்தான், ஆனா அந்த ஒரு சாணுக்கு அப்புறம் எங்க ஊர்ல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நேராப் பாத்துப் பேசறது நின்னுபோச்சு. டீக்கடையில உக்காந்தாலும் டம்ளரைப் பாத்துத்தான் பேச்சு, கோயில்ல நின்னாலும் சாமியோட காலைப் பாத்துத்தான் கும்பிடு.

கொளஞ்சிதான் எங்க ஊருக்கு டிராக்டர் ஓட்டறவன். கோடையில ஒரு உழவு, மழைக்கு ஒரு உழவு, விதைக்கு முந்தி ரெண்டு சால், அதுக்கும் மேல ரோட்டவேட்டரைப் போட்டு மண்ணை மாவா அரைச்சாத்தான் எங்களுக்கு வெள்ளாமை பண்ணின திருப்தி வரும். அவன் வண்டியில ஏறி உக்காந்ததும் கொல்லைக்காரர் யாரா இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லுவாங்க. ஆம்பளையும் சொல்லுவாங்க, பொம்பளையும் சொல்லுவாங்க, நெத்தி நிறைய விபூதி பூசினவங்களும் சொல்லுவாங்க: "கொஞ்சம் ஒட்டி ஓட்டுப்பா." எதை ஒட்டின்னு அவங்க சொல்ல மாட்டாங்க, அவனும் கேக்க மாட்டான். கலப்பையோட கடைசிக் கொக்கி வரப்போட விலாவை ஒரு விரல் அளவுக்கு உரசிட்டுப் போகும், வரப்பு மெலியும், மெலிஞ்ச வரப்பைக் கொழுக்க வைக்க அந்தப் பக்கத்துக்காரன் கொல்லையிலேருந்து நாலு வெட்டு மண்ணு எடுத்துப் போடுவோம், அடுத்த உழவுக்கு மறுபடியும் ஒரு விரல். இதுக்குத் திருட்டுன்னு எங்க ஊர்ல பேரே கிடையாது. ஒட்டி ஓட்டறதுன்னுதான் பேரு.

அன்னிக்கு உழவு ராசாங்கத்தோட கொல்லையில. ராசாங்கம் கொஞ்சம் வசதியான ஆளு, பஞ்சாயத்துல பேச்சு எடுபடற ஆளு. கொளஞ்சி கிழக்கு வரப்பை ஒட்டி ஒரு சால் ஓட்டிட்டுத் திரும்பிப் பாத்தா, வரப்பு எழுந்திருக்குது. படுத்திருக்கிற மாடு கால் மரத்துப்போய் இடம் மாத்திப் படுக்குமே, அந்த மாதிரி, அருகம்புல்லு தும்பைச்செடி எலிவளை எல்லாத்தோடயும், தும்பைச்செடி மேல கழுத்தை ஆட்டிக்கிட்டிருந்த ஓணானோடயும் மெதுவா எழுந்து, ராசாங்கத்தோட கொல்லைக்குள்ள ஒரு சாண் தள்ளி வந்து, மறுபடியும் படுத்துக்கிச்சு.

"அண்ணே, வரப்பு நடக்குதுண்ணே."

"நடந்தா நடந்துட்டுப் போவுது. நீ ஒட்டி ஓட்டு."

ஒட்டி ஓட்டினான். வரப்பு இன்னொரு சாண் உள்ள வந்துச்சு. அதுக்கப்புறம்தான் ராசாங்கம் கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாரு.

வரப்புக்கு அந்தப் பக்கம் அஞ்சலாட்சியோட கொல்லை. கொல்லைன்னு சொல்றது ஒரு மரியாதைக்குத்தான். மேற்கே ராசாங்கம், கிழக்கே அவ புருசனோட பெரியப்பா மகன் கலியபெருமாள், ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி ஓட்டி, அது நீளமா ஒல்லியா ஒரு துணி மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு நாங்களே முந்தானைக்கொல்லைன்னு பேர் வச்சோம், வச்சுட்டு நாங்களே சிரிச்சுக்கிட்டோம். அவ புருசன் வைத்தி உயிரோட இருந்தப்போ ஒவ்வொரு வெள்ளாமை முடிஞ்சதும் ஒரு தேங்காநார்க் கயிறோட வந்து நிப்பான். கொல்லை நடுவுல பூமிக்குள்ளேருந்து துருத்திக்கிட்டு ஒரு பாறை, யாராலயும் அசைக்க முடியாத பாறை. அதுல ஒரு முனையைக் கட்டி வரப்பைப் பாத்து இழுப்பான். அவங்கப்பா காலத்துல சரியா வரப்புல வந்து முடிஞ்ச கயிறு, அவன் காலத்துல வரப்பைத் தாண்டி அடுத்தவங்க கொல்லையில போய் முடிஞ்சுது. "வந்து பாருங்கய்யா, வந்து பாருங்கய்யா"ன்னு ஊரைக் கூப்பிடுவான். ஊரும் போகும், பாக்கும். ஒருநாள் கலியபெருமாள்தான் அதைச் சொன்னாரு: "கொல்லை சுருங்கலைடா வைத்தி, உன் கயிறுதான் நீண்டுபோச்சு." ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. அதுலேருந்து அவன் தெருவுல வந்தா, "கயிறு இப்ப எவ்வளவு நீண்டிருக்கு வைத்தி?"ன்னு கேக்கறது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்காயிடுச்சு. கேட்டுக் கேட்டே அவன் வாயை அடைச்சோம், பைத்தியம்னும் பேர் கட்டினோம், அப்புறம் ஒரு காய்ச்சல்ல அவன் போய்ச் சேர்ந்தான். கயிறு மட்டும் அஞ்சலாட்சி வீட்டு ஆணியில தொங்குச்சு.

வரப்பு நடந்த அன்னிக்கு அவ தன்னோட கொல்லையில களை பறிச்சுக்கிட்டிருந்தா. சத்தம் போடலை, யாரையும் கூப்பிடலை. வரப்பு விட்டுட்டுப் போன ஈர மண்ணைக் குனிஞ்சு பாத்தா, வீட்டுக்குப் போனா, மடியில தட்டைப்பயறு எடுத்துக்கிட்டு வந்தா, வெயில் உச்சிக்கு வர்றதுக்குள்ள அந்த ரெண்டு சாண்லயும் விதை ஊனிட்டா. "ஏம்மா, இது நாளைக்கு மறுபடியும் திரும்பிப் போச்சுன்னா?"ன்னு கொளஞ்சி கேட்டான். "போறதுக்கு அதுக்கென்ன அங்க வேலை? வீட்டுக்குத்தானே வந்திருக்கு"ன்னா.

மொதல்ல எலி பறிச்சிருக்கும்னு பேசிக்கிட்டோம். அப்புறம் பூமிக்குள்ள தண்ணி ஓடுதுன்னோம். ஆனா அந்த வாரமே வடக்கே ஒரு கொல்லையில உழவு ஓட்ட, அங்க ஒரு வரப்பு நகர்ந்துச்சு. தெற்கே ஓட்ட, தெற்கேயும் நகர்ந்துச்சு. பருத்திக்கொல்லை வரப்பு, கடலைக்கொல்லை வரப்பு, ஊரே கையெடுத்துக் கும்பிடற பூசாரியோட கொல்லை வரப்பு, எல்லாம் கலப்பை பட்டதும் எழுந்து, எங்கேருந்து வந்துச்சோ அந்தத் திக்கைப் பாத்து நடந்துச்சு. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு நடுவுல இருந்த ஒரு வரப்பு மட்டும் அண்ணன் உழுதா இந்தப் பக்கம் ஒரு சாண், தம்பி உழுதா அந்தப் பக்கம் ஒரு சாண்னு போய்ப் போய் வந்து, கடைசியில இருந்த இடத்துலயே படுத்துக்கிச்சு. ரெண்டு பேரும் சரிசமமா ஒட்டியிருக்காங்கன்னு அப்பத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. அவங்க மட்டும்தான் அந்த வருசம் ஊர்ல நிம்மதியாத் தூங்கினவங்க.

விசயம் எங்களுக்கு விளங்கிப்போச்சு. எவன் கொல்லை அடுத்தவன் மண்ணைத் தின்னுச்சோ அவன் கொல்லையை உழுதா வரப்பு திரும்பிப் போகும், உழலைன்னா போகாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லலை, ஊர்க்கூட்டம் போடலை, தண்டோரா போடலை. மழை பெஞ்சு மண்ணு பதமாக் கிடக்குது, வெளியூர்ல எல்லாம் டிராக்டர் சத்தம் காதைப் பிளக்குது, காரைக்கொல்லையில மட்டும் ஒரு சத்தம் இல்லை. "இந்த வருசம் முதுகு வலிப்பா, பொறுத்துப் பாப்போம்"ன்னான் ஒருத்தன். உழறது டிராக்டரு, இவனுக்கு என்ன முதுகு வலின்னு ஒருத்தரும் கேக்கலை. கொளஞ்சி கலப்பையைக் கழட்டி வேப்பமரத்தடியில போட்டுட்டு, கல்யாண வீடுகளுக்குத் தண்ணி டேங்க் இழுக்கப் போனான்.

விதைக்காம இருக்க முடியுமா? ராசாங்கத்தோட சம்சாரம் பவுனாம்பாள்தான் மொதல்ல ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கிட்டு, போன வருசத்து மக்காச்சோளத் தட்டை நின்ன வாக்குலயே நடுவுல நடுவுல குத்தி, குழிக்கு ஒரு விதை போட்டுக் காலால மூடிக்கிட்டே போனா. வரப்பு அசையலை. அதைப் பாத்து ஊரே கம்பி எடுத்துச்சு. களையைக் கொத்தினா வரப்புக்கு மூக்கு வேர்க்குமோன்னு பயந்து, அறுத்து அங்கேயே படுக்கப் போட்டோம். தட்டையைக் கொளுத்தினா உழவுக்குத் தயார் பண்றோம்னு அது நினைச்சுக்குமோன்னு, கொளுத்தாம விட்டோம். மொத வருசம் வெள்ளாமை சுமார்தான், கொல்லை எல்லாம் சவரம் பண்ணாத மூஞ்சி மாதிரி கிடந்துச்சு. போகட்டும், மானத்தைவிட மகசூலா பெருசுன்னு பொறுத்துக்கிட்டோம். எங்களுக்கு எப்பேர்ப்பட்ட மானம் பாருங்க!

அஞ்சலாட்சி எங்களை விடலை. வீடு வீடா வந்தா. வாசல்ல நின்னு, "அண்ணே, ஒரே ஒரு உழவு ஓட்டுங்கண்ணே"ன்னு ராசாங்கத்தைக் கேட்டா. "ஓட்டுங்க மாமா, உங்க தம்பி கொல்லைதானே"ன்னு கலியபெருமாளைக் கேட்டா. "எங்களைச் சொல்றியே, உன் கொல்லையை உழுது பாரேன், உன் வரப்பு எந்தப் பக்கம் போவுதுன்னு பாப்போம்"ன்னு ராசாங்கம் ஒருநாள் எரிஞ்சு விழுந்தாரு. அவ சரின்னுட்டா. ஒரு சோடி மாடும் ஏரும் இரவல் வாங்கிக்கிட்டு வந்து, ஊரே வேடிக்கை பாக்க, தன்னோட முந்தானைக்கொல்லையை இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ரெண்டு வரப்பையும் ஒட்டி ஒட்டியே உழுதா. ரெண்டு வரப்பும் கல்லு மாதிரி கிடந்துச்சு. வரப்பு மேல இருந்த ஓணான்கூட தலையைத் திருப்பலை. மாட்டை அவுத்து விட்டுட்டு எங்க பக்கம் திரும்பினா, அப்ப நாங்க எல்லாரும் வானத்தைப் பாத்து மழை வருமான்னு பேசிக்கிட்டே வீட்டுக்கு நடந்தோம்.

அதுக்கப்புறம் எங்களுக்கே பிடிபடாத ஒண்ணு நடந்துச்சு. மண்ணு தேறிப்போச்சு. உழாத மண்ணு, தட்டையும் களையும் மேல மக்கி, கீழ வேரும் புழுவுமா, கையில அள்ளினா அவிச்ச மாவு மாதிரி பொலபொலன்னு உதிர்ந்துச்சு. ஐப்பசியில அடிச்ச அடைமழையில பக்கத்து ஊர்க்காரங்க மேல்மண்ணு அத்தனையும் கலங்கி ஏரிக்குப் போச்சு. எங்க கொல்லைகள்ல விழுந்த தண்ணி விழுந்த இடத்துலயே இறங்குச்சு. அடுத்த வருசம் மழை ஏமாத்தினப்போ ஊர் ஊரா சோளம் சுருண்டுச்சு, எங்களது மட்டும் பச்சையா நின்னுச்சு. டீசல் செலவு கிடையாது, உரம் பாதி. நாங்க பண்ணின ஒரே நல்ல காரியம், அதுவும் கெட்ட எண்ணத்துல பண்ணினது.

இந்தச் சேதி எட்டி, வேளாண்மை ஆபீசர் எழிலரசி மேடம் ஒருநாள் ஸ்கூட்டர்ல வந்தாங்க. சின்ன வயசு, நல்ல பிள்ளை. செருப்பைக் கழட்டிட்டுத்தான் கொல்லையில இறங்கினாங்க. மண்ணைக் கிளறி ஒரு மண்புழுவைக் கையில எடுத்து வச்சுக்கிட்டு, கண்ணு கலங்கி, "இதை உங்களுக்கு யாருங்கய்யா சொல்லிக்கொடுத்தது?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் தரையைப் பாத்தோம். அதைத் தன்னடக்கம்னு எடுத்துக்கிட்டாங்க. ராசாங்கம் தொண்டையைச் செருமிக்கிட்டு, "தானாத் தோணிச்சுங்க மேடம். மண்ணைக் கீறினா அதுக்கு வலிக்கும்லங்க"ன்னாரு.

எங்க ஊர் முகப்புல 'உழவில்லா வேளாண்மை மாதிரிக் கிராமம்'னு போர்டு வந்துச்சு. பஸ் பஸ்ஸா வெளியூர் விவசாயிங்க வந்தாங்க. பேசிப் பேசி ராசாங்கத்துக்கு நாக்கு பழகிடுச்சு. மைக்கைப் பிடிச்சா மண்ணுதான் தாயி, தாயோட மார்பைக் கிழிக்கலாமான்னு ஆரம்பிச்சாருன்னா கேக்கறவங்க மூக்கைச் சிந்துவாங்க. அசிங்கம் என்னன்னா, நாங்களும் சிந்தினோம். பேசப் பேச அது நெசம்னே எங்களுக்குப் பட ஆரம்பிச்சுது. அஞ்சலாட்சி வந்து ஒரு உழவுன்னு கேட்டப்போ, பழைய மாதிரி முதுகு வலி கழுத்து வலின்னு நாங்க முழிக்கலை, "மண்ணு புண்ணாயிடும் தாயி, ஆபீசரம்மாவே சொல்லிட்டாங்க"ன்னு பதவிசாச் சொன்னோம். "உங்களுக்கு இப்பத்தான் புண்ணு தெரியுதா?"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டா. மறுநாள் அவ ராசாங்கம் கொல்லைக்குக் கூலிக்குக் கதிர் ஒடிக்கப் போனா. ஒருகாலத்துல அவளுதா இருந்த மண்ணுலயே நின்னு ஒடிச்சா. நாங்களும் பக்கத்துல நின்னுதான் ஒடிச்சோம்.

அப்புறம் அந்தத் தை மாசத்து நாள் வந்துச்சு, ராசாங்கம் கொல்லையில விழா. பெரிய பெரிய ஆபீசருங்க, ரெண்டு பஸ் விவசாயிங்க, ராசாங்கத்துக்குச் சால்வை, பவுனாம்பாள் தலைமையில பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து கொதிக்கக் கொதிக்கப் பொங்கல். எல்லாம் நல்லபடியா முடியப்போற நேரத்துல எழிலரசி மேடத்துக்கு ஒரு யோசனை உதிச்சுது. "வந்தவங்களுக்கு வித்தியாசம் கண்ணால தெரியணும். இந்தக் கொல்லை ஓரத்துல ஒரே ஒரு சால் உழுது காட்டலாம். உழுத மண்ணையும் உழாத மண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டிடலாம். டிராக்டர் இருக்கா?"

"வேணாங்க மேடம், மண்ணு…"ன்னு ராசாங்கம் இழுத்தாரு. "ஒரு சால்தானேய்யா, ஒண்ணும் ஆயிடாது"ன்னு மேடம் சிரிச்சாங்க. கொளஞ்சி வேப்பமரத்தடியில துருப்பிடிச்சுக் கிடந்த கலப்பையை மாட்டிக்கிட்டு வந்தான். அவன் முகத்துல ஈயாடலை. கூட்டத்துக்குப் பின்னாலேருந்து அஞ்சலாட்சி முன்னால வந்து, தன்னோட கொல்லை ஓரத்துல நின்னா. எத்தனையோ வருசத்துக்கு அப்புறம் அவ முகம் அன்னிக்குத்தான் தெளிவா இருந்துச்சு. ராசாங்கம் வழக்கமாச் சொல்ற வார்த்தையை அன்னிக்குச் சொல்லலை. அவதான் சொன்னா:

"கொஞ்சம் ஒட்டி ஓட்டுப்பா."

கொளஞ்சி ஒட்டி ஓட்டினான். கொக்கி இறங்குச்சு, மண்ணு பிளந்துச்சு, வேரு படபடன்னு அறுந்துச்சு. எங்க அத்தனை பேர் கண்ணும் வரப்பு மேலயே இருந்துச்சு.

வரப்பு அசையலை.

இன்னொரு தடவை ஓட்டுன்னு அவ கையைக் காட்டினா. ஓட்டினான். அசையலை. இத்தனை வருசம் யாரும் கை வைக்காததால வரப்போட வேரு ரெண்டு பக்கமும் ஆழமா இறங்கி, தின்ன மண்ணும் சொந்த மண்ணும் ஒண்ணாப் பின்னிக்கிட்டு, எது யாருதுன்னு பூமிக்கே மறந்துபோச்சு போல. இல்லை, எத்தனை நாளைக்கு நானே நடக்கறதுன்னு அதுக்கும் அலுத்துப்போச்சோ என்னமோ. அது அப்படியே கிடந்துச்சு, ஓணான் மட்டும் டிராக்டர் சத்தத்துக்குப் பயந்து இறங்கி ஓடுச்சு.

அப்பத்தான் ஊரே சேர்ந்தாப்போல பெருமூச்சு விட்டுச்சு. ஒருத்தருக்கொருத்தர் பேசி வச்சுக்கிட்டு விட்ட மாதிரி, ஆம்பளையும் பொம்பளையும் பூசாரியும் அண்ணன் தம்பியும், அத்தனை பேரும் ஒரே மூச்சு. நிம்மதி மூச்சு. அந்தச் சத்தம் எங்க காதுலயே விழுந்துச்சு. அது எவ்வளவு கேவலமான சத்தம்னு கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது. அஞ்சலாட்சி திரும்பி எங்களைப் பாத்தா. அவ அழுதிருந்தா நாங்க தாங்கியிருப்போம்.

அவ இடுப்புல சுத்தி வச்சிருந்த கயிறை அவுத்தா. வைத்தியோட கயிறு. ஒரு முனையைப் பாறையில கட்டினா, இன்னொரு முனையை எழிலரசி மேடம் கையில கொடுத்து, "இதைக் கொஞ்சம் புடிச்சுக்கிட்டு நேரா நடங்கம்மா, கயிறு முடியற வரைக்கும்"ன்னா. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, ஏதோ ஊர் வழக்கம்னு நினைச்சு நடந்துச்சு. வரப்பை மிதிச்சுத் தாண்டுச்சு, உழுத சாலைத் தாண்டுச்சு, ராசாங்கத்தோட மக்காச்சோளத் தட்டைக்குள்ள போய்க்கிட்டே இருந்துச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு. கயிறு விறைச்சதும் அங்கேயே நின்னு திரும்பி, "இங்க வருதும்மா!"ன்னு வெள்ளந்தியாக் கூவுச்சு.

பஸ்ல வந்தவங்க அடுத்து என்னன்னு காத்துக்கிட்டிருந்தாங்க.

பவுனாம்பாள் பொங்கல் கரண்டியைக் கீழ வச்சா. புடவையைத் தூக்கிச் செருகினா, ஒரு மண்வெட்டியையும் கூடையையும் எடுத்துக்கிட்டு வந்து, தன் புருசன் முகத்தைப் பாக்காம, வரப்போட தலைமாட்டுல ஓங்கி ஒரு வெட்டு வெட்டினா. கொளஞ்சி வண்டியை அணைச்சுட்டுக் குதிச்சு இறங்கி அடுத்த வெட்டு வெட்டினான். அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தோம். தானா வந்தோம்னு சொல்ல மாட்டோம், அவ பாத்துக்கிட்டிருந்தா, அதனால வந்தோம். வரப்பை வெட்டி, கூடையில அள்ளி, தலையில சுமந்து, மேடம் கயிறைப் பிடிச்சுக்கிட்டு நின்ன இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டினோம். வெளியூர்க்காரங்க இதையும் செயல்விளக்கம்னு நினைச்சு, என்னா ஒத்துமையான ஊருய்யான்னு போட்டோ எடுத்தாங்க, கை தட்டினாங்க. ராசாங்கம் சால்வையோட நின்னுக்கிட்டிருந்தாரு. கைத்தட்டல் நிக்கிற மாதிரி தெரியலை, கடைசியில அந்தச் சால்வையையே சும்மாடாக் கோலித் தலையில வச்சுக்கிட்டு அவரும் ஒரு கூடை சுமந்தாரு. அதுக்கு இன்னும் பலமாத் தட்டினாங்க. எங்க ஆயுசுல அப்படி ஒரு அடி நாங்க வாங்கினதில்லை.

அஞ்சலாட்சி பாறைகிட்ட நின்னு, "இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்"னு சொல்லிக்கிட்டே இருந்தா. கோபமாச் சொல்லலை.

வரப்பு கயிறு முனைக்கு வந்து சேர்ந்தப்போ, மேடம் கையிலேருந்து அந்த முனையைக் கலியபெருமாள் வாங்கினாரு. வயசானவரு, அதுவரைக்கும் ஒரு கூடை மண்ணுகூடத் தூக்காம ஓரமா நின்னவரு. கயிறை ரெண்டு கையாலயும் பிடிச்சு, பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பாத்தாரு. மறுபடியும் இழுத்தாரு. பாறையிலேருந்து வரப்பு வரைக்கும் அது விண்ணுன்னு நின்னுச்சு. அவரு குரல் எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு.

"கயிறு நீளலைம்மா."

அஞ்சலாட்சி குனிஞ்சு பாறையில போட்டிருந்த முடிச்சை அவுத்தா. கயிறைச் சுத்திக்கிட்டே நடந்து அவர்கிட்ட வந்து, அவர் கையில இருந்த முனையையும் வாங்கிக்கிட்டா.

"அதை அவர்கிட்டச் சொல்லுங்க மாமா"ன்னா.

அப்புறம் கயிறை எடுத்துக்கிட்டு, கலியபெருமாள் பக்கத்துக் கிழக்கு வரப்பைப் பாத்து நடந்தா. நாங்க மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு அவ பின்னால போனோம்.